நேரம் குறிக்காத அட்டைகள்: ஒரு மருந்துக்கடையின் கொரோனா பரிசோதனையில் ஏழில் ஆறு பாசிடிவ் பொய்யான நிகழ்வு

2020 நவம்பர் 21, சனிக்கிழமை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சிறுநகர மருந்துக்கடை, வாசலில் கூடாரம் போட்டு நான்கு மணி நேரத்தில் 62 பேருக்கு ஆன்டிஜென் பரிசோதனை (கிருமியின் புரதத்தைத் தேடும் விரைவுச் சோதனை) செய்தது. ஏழு பேருக்குப் பாசிடிவ் என்று சொல்லப்பட்டது. அடுத்த நான்கு நாட்களில் அவர்களில் ஆறு பேருக்கு, கிருமியின் மரபணுவைத் தேடும் துல்லியமான ஆய்வகச் சோதனையான பிசிஆரில் நெகடிவ் வந்தது. கடையிடம் இருக்கவேண்டிய சான்றிதழ்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. தவறு எங்கே நுழைந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தார்கள், எதை மாற்றினார்கள் என்பதே இந்தப் பதிவு. அடையாளம் வெளிப்படாதிருக்க ஊர், கடை, ஆட்கள் தொடர்பான சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

## பின்னணி: அனுமதி எப்படி வந்தது

கொரோனாவுக்கு முன்பு அமெரிக்க மருந்தாளுநர் எந்தப் பரிசோதனையைச் செய்யலாம் என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் தீர்மானித்தது. சில மாநிலங்களில் ஃபுளூ, தொண்டைப் புண் பரிசோதனைகளை மருந்துக்கடையிலேயே செய்தார்கள். வேறு சிலவற்றில் மருத்துவரின் உத்தரவில்லாமல் பஞ்சுக்குச்சியைத் தொடவே முடியாது.

2020 ஏப்ரல் 8 அன்று ஒன்றிய சுகாதாரத் துறை பிரெப் சட்டத்தின் (பொதுச் சுகாதார அவசரநிலைகளுக்கான ஒன்றியச் சட்டம்) கீழ் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உரிமம் பெற்ற மருந்தாளுநர், எஃப்டிஏ (ஒன்றிய உணவு, மருந்து நிர்வாகம்) அனுமதித்த கொரோனா பரிசோதனைகளுக்குத் தாமே உத்தரவிடலாம், தாமே செய்யலாம். இதற்குக் குறுக்கே நிற்கும் மாநில விதிகள் செல்லாது என்று மே 19 அன்று துறையின் சட்டப் பிரிவு விளக்கம் தந்தது. அக்டோபர் 20 அன்று டெக்னீஷியன்களும் (மருந்தாளுநரின் உதவியாளர்கள்) பயிற்சி மருந்தாளுநர்களும் மருந்தாளுநரின் மேற்பார்வையில் பரிசோதனை செய்யலாம் என்று வட்டம் விரிந்தது.

யார் செய்யலாம் என்பதற்கான பதில் இது. எங்கே செய்யலாம் என்பதை வேறொரு சட்டம் சொல்கிறது. மனித உடலிலிருந்து எடுத்த மாதிரியைச் சோதித்து முடிவு சொல்லும் எந்த இடமும், மருந்துக்கடையின் மூலையில் போட்ட மேசை உட்பட, மருத்துவ ஆய்வகங்களுக்கான 1988-ஆம் ஆண்டின் கிளியா சட்டப்படி ஓர் ஆய்வகம்தான். எளிய பரிசோதனைகளை மட்டும் செய்யும் இடத்துக்கு 'விலக்குச் சான்றிதழ்' போதும். கிளியாவை நடைமுறைப்படுத்தும் ஒன்றிய அமைப்பான சிஎம்எஸ்ஸின் சிஎம்எஸ்-116 படிவத்தை நிரப்பி, ஆய்வக இயக்குநர் என்று ஒருவரைக் குறிப்பிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கான கட்டணத்தை (2020-இல் 180 டாலர்) கட்டினால் கிடைத்துவிடும்.

இந்த 'விலக்கு' என்ற சொல்தான் பலரை ஏமாற்றுகிறது. பணியாளரின் கல்வித் தகுதி, வழக்கமான ஆய்வு, திறன் சோதனை போன்றவற்றிலிருந்துதான் விலக்கு. அதற்குப் பதிலாகச் சட்டம் கேட்பது ஒன்றே: தயாரிப்பாளரின் செய்முறைத் தாளை வரிக்கு வரி பின்பற்ற வேண்டும். தாளில் 15 நிமிடம் என்றிருந்தால் அந்த 15 நிமிடம் சட்ட நிபந்தனை.

மூன்றாவது சுமை, தெரிவித்தல். பெருந்தொற்றுக் கால நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டத்தின்படி, பாசிடிவ், நெகடிவ் எதுவானாலும் அப்போது 24 மணி நேரத்துக்குள் மாநில அல்லது உள்ளூர் சுகாதாரத் துறைக்குப் போயாக வேண்டியிருந்தது. வயது, பாலினம், இனம், அஞ்சல் குறியீடு, கவுண்டி (மாவட்டம் போன்றது), கருவியின் அடையாள எண், மாதிரி எடுத்த தேதி என்று நீளமான பட்டியல் இருந்தது. தெரிவிக்காத ஆய்வகத்துக்கு முதல் நாள் 1,000 டாலர், அதன்பின் ஒவ்வொரு நாளும் 500 டாலர் அபராதம் என்று 2020 செப்டம்பரில் சிஎம்எஸ் விதித்தது.

## கடை

இரண்டு மருந்தாளுநர்கள் (ஒருவர் உரிமையாளர்), ஒரு பயிற்சி மருந்தாளுநர், மூன்று டெக்னீஷியன்கள். ஃபுளூ பரிசோதனைக்காக 2018-லேயே எடுத்த விலக்குச் சான்றிதழ் நடப்பில் இருந்தது. பரிசோதனை அட்டைகள் மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட பங்கிலிருந்து இலவசமாக வந்த பைனாக்ஸ்நவ் என்ற ஆன்டிஜென் அட்டைகள். அக்டோபர் மத்தியில் தொடங்கி, நாளுக்கு ஆறு முதல் பத்துப் பேர் வரை அறிகுறியுள்ளவர்களுக்குக் காரிலேயே மாதிரி எடுத்து, உள்ளே கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஐந்து வாரமும் சிக்கலில்லை. பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்: அதே ஆட்கள், அதே அட்டை, அதே தாள்.

## அட்டை என்ன கேட்கிறது

புத்தகம் போல மடிந்து திறக்கும் அட்டை. வலப்பக்கத்தில் குச்சியைச் செருக மேலும் கீழுமாக இரண்டு துளைகள், இடப்பக்கத்தில் சோதனைப் பட்டை. பெட்டியோடு வரும் கரைசல் குப்பியைச் செங்குத்தாகப் பிடித்து, துளைக்கு அரை அங்குலம் மேலிருந்து, மேல் துளையில் ஆறு சொட்டு விட வேண்டும். குப்பியைச் சாய்த்தால் காற்றுக்குமிழ் சேர்ந்து அரைச் சொட்டு விழும். நுனி அட்டையில் பட்டால் முந்தைய ஆளின் மாதிரி அடுத்த அட்டைக்குப் போகும். ஒரு பெட்டியின் 40 அட்டைகளுக்கும் ஒரே குப்பிதான்.

மூக்கின் இரு துவாரங்களிலும் சுழற்றி எடுத்த குச்சியைக் கீழ்த் துளை வழியாக நுழைத்து, மேல் துளையில் நுனி தெரியும்வரை தள்ளி, கடிகார திசையில் மூன்று சுற்று. ஒட்டும் தாளை உரித்து அட்டையை மூட வேண்டும். குச்சி உள்ளேயே இருக்கும். முடிவை 15-வது நிமிடத்தில் பார்க்க வேண்டும். அதற்கு முன்பும் கூடாது, 30 நிமிடம் தாண்டியும் கூடாது. பயன்படுத்தும்வரை அட்டை உறைக்குள் இருக்க வேண்டும். சோதிக்கும் இடம் 15 முதல் 30 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும்.

இடறும் இடம் இன்னொன்று உண்டு. தரச் சோதனைக்கான கட்டுப்பாட்டுக் குச்சிக்கு எட்டுச் சொட்டு, நோயாளியின் குச்சிக்கு ஆறு. காலையில் கட்டுப்பாட்டுச் சோதனை செய்த கை, அந்த வேகத்தில் முதல் நோயாளிக்கும் எட்டுச் சொட்டு விடும். இந்தக் கடையில் அது நடந்ததற்குத் தடயமில்லை.

நேரம் தாண்டினால் என்ன ஆகும்? பட்டையில் திரவம் ஊர்ந்து போகும்போது, நிறமேற்றிய நுண்துகள்கள் எதிர்பொருளோடு சேர்ந்து நகர்கின்றன. மாதிரியில் கிருமிப் புரதம் இருந்தால் சோதனைக் கோட்டில் பிடிபட்டு இளஞ்சிவப்பாகத் தெரியும். திரவம் வற்றத் தொடங்கியதும், பிடிபட வேண்டிய காரணம் எதுவுமில்லாத துகள்களும் அங்கே படியலாம். மங்கலான கோடு ஒன்று தோன்றும். கெட்டியான சிக்கல் இங்கேதான்: உரிய நேரத்துக்குள் பார்க்கும்போது எவ்வளவு மங்கலான கோடும் பாசிடிவ்தான் என்பது தாளின் விதி. இந்த விதியைச் சரியாகப் படித்தவர், 50-வது நிமிடத்தில் தெரியும் மங்கல் கோட்டையும் மனச்சாட்சியோடு பாசிடிவ் என்றே எழுதுவார்.

## சனிக்கிழமை

வியாழன், நவம்பர் 26, தேங்க்ஸ்கிவிங்; அமெரிக்கக் குடும்பங்கள் ஒன்றுகூடும் விருந்து நாள். ஊருக்குப் போகுமுன் சோதித்துக்கொள்ள வந்தவர்களே அன்று பெரும்பாலோர், அறிகுறி எதுவுமில்லை. அந்த அட்டைக்கு அப்போதிருந்த அவசர அனுமதி, அறிகுறி தொடங்கிய முதல் ஏழு நாட்களுக்குள் இருப்பவர்களுக்கானது. அறிகுறியற்றவர்களுக்குப் பயன்படுத்துவதை ஒன்றிய அரசு தடுக்கவில்லை. ஆனால் நோய் இருக்க வாய்ப்பு குறைவான ஒருவருக்குப் பாசிடிவ் வந்தால் பிசிஆரில் உறுதிசெய்துகொள்ளும்படி ஒன்றிய நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லியிருந்தது.

முன்பதிவு இல்லை, வந்த வரிசைதான். காலை 9 மணிக்குத் தொடங்கினார்கள். மாதிரியை உள்ளே எடுத்துப் போவதற்குப் பதில், நடையைக் குறைக்கக் கூடாரத்திலேயே மேசை போட்டார்கள். வெளியே சுமார் 4 டிகிரி குளிர். எரிவாயு அடுப்பு ஒன்று எரிந்தது, வெப்பமானி இல்லை. வேகத்துக்காகப் பத்துப் பத்து அட்டையாக உறை பிரித்துத் தட்டில் அடுக்கி வைத்தார்கள். பயிற்சி மருந்தாளுநர் காரில் மாதிரி எடுத்தார், டெக்னீஷியன் சொட்டு விட்டு அட்டையை மூடி முடிவும் பார்த்தார். மருந்தாளுநர் உள்ளே மருந்துச் சீட்டு பார்த்துக்கொண்டிருந்தார். பரிசோதனைக்கான உத்தரவுப் படிவங்களில் அவர் காலையிலேயே கட்டாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்.

முதல் இரண்டு தட்டுகளில் ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் பென்சிலால் 9.12, 9.15 என்று நேரம் எழுதப்பட்டது. 10.30-க்குப் பிறகு வரிசை சாலைவரை நீண்டது. மூன்றாவது தட்டில் பென்சில் குறி இல்லை. 10.30 முதல் 11.30 வரை மட்டும் 26 பேர். அந்த நெருக்கடியில் டெக்னீஷியனைக் காப்பீட்டுச் சிக்கல் ஒன்றுக்காக உள்ளே அழைத்தார்கள். பயிற்சி மருந்தாளுநரே மாதிரி எடுத்து, சொட்டும் விட்டார். ஐந்தாவது தட்டு கூடாரத்தின் பின்மேசையில் இருந்தது. டெக்னீஷியன் திரும்பி வந்து அதைப் பார்த்தபோது நேரம் 12 தாண்டியிருந்தது.

## மாலையில் கண்டது

மாநில இணையதளத்தில் முடிவுகளைப் பதியும்போதுதான் உரிமையாளருக்கு உறுத்தியது. 62-க்கு ஏழு. பெரும்பாலும் அறிகுறியற்ற 62 பேரில் ஒன்றிரண்டு உண்மைத் தொற்று இருக்கலாம். தொற்றில்லாதவர்களில் 98.5 சதவீதத்தினருக்கு அட்டை சரியாக நெகடிவ் காட்டும் என்ற அனுமதி ஆவணத்தின் கணக்கை வைத்தால் ஒரு பொய் பாசிடிவும் வரலாம். இரண்டு, மூன்று என்றால் ஏற்கலாம், ஏழு அதிகம். எண்ணிக்கையைவிட வரிசை இன்னும் பேசியது: பதிவு எண்கள் 31, 32, 42, 43, 44, 46, 47.

ஐந்தாவது தட்டின் முதல் ஏழு அட்டைகளில் ஐந்து பாசிடிவ். அந்த ஐந்து பேரும் வெவ்வேறு காரில், ஒருவரையொருவர் அறியாமல் வந்தவர்கள்.

## தெரிவிப்பதா, காத்திருப்பதா

உரிமையாளரின் முதல் யோசனை, பிசிஆர் வரும்வரை ஏழையும் நிறுத்திவைப்பது. கவுண்டி சுகாதாரத் துறையின் பணியிலிருந்த செவிலியரிடம் பேசிய பிறகு அதைக் கைவிட்டார். மூன்று காரணங்கள். 24 மணி நேர விதியில் 'சந்தேகம் இருந்தால்' என்ற விலக்கு கிடையாது. ஏழும் பொய் என்று அந்த இரவில் யாருக்கும் தெரியாது, ஒருவருக்கு உண்மைத் தொற்று இருந்து அவர் ஞாயிறன்று வெளியே நடமாடினால் அந்தப் பொறுப்பு கடையுடையது. தவிர, ஆன்டிஜென் பாசிடிவை 2020 ஆகஸ்டிலிருந்தே 'சாத்தியமான தொற்று' என்றுதான் கணக்கில் வைத்தார்கள், உறுதியான தொற்று என்றல்ல. அதனால் பிறகு திருத்த இடமிருந்தது.

ஏழும் அன்றிரவே பதியப்பட்டன, செய்முறையில் பிழை இருக்கலாம் என்ற குறிப்போடு. ஏழு பேரிடமும் தொலைபேசியில் பேசினார்கள்: தனிமையில் இருங்கள், 48 மணி நேரத்துக்குள் பிசிஆருக்கு மாதிரி எடுப்போம், அதுவரை இந்த முடிவை முழுதாக நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

புது அட்டையில் மறுபடி சோதிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். ஒரு ஆன்டிஜென் அட்டையை இன்னொரு ஆன்டிஜென் அட்டையால் உறுதிசெய்ய முடியாது என்பதால் மறுத்தார்கள். பழைய அட்டைகளை எடுத்து மறுபடி பார்ப்பதிலும் பயனில்லை; மாலைக்குள் அவற்றில் எந்தக் கோடு வேண்டுமானாலும் தெரியும்.

42-ஆம் எண்காரர் முதியோர் பராமரிப்பு இல்லத்தின் பணியாளர். அப்போதைய சிஎம்எஸ் விதிப்படி ஒரே ஒரு பணியாளருக்குத் தொற்று என்றாலும் அது 'பரவல்'. எல்லாப் பணியாளருக்கும் குடியிருப்போருக்கும் பரிசோதனை, புதிய தொற்று 14 நாட்கள் வராதவரை மூன்று முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை அதுவே திரும்பவும். ஞாயிறு காலை அந்த இல்லம் முதல் சுற்றைத் தொடங்கிவிட்டது. கூடாரத்தின் பின்மேசையில் மறந்துபோன ஒரு தட்டு அவ்வளவு தூரம் போனது.

## காரணத்தைத் தேடியது

பிசிஆர் மாதிரிகள் ஞாயிறு மாலை எடுக்கப்பட்டன. செவ்வாயன்று ஐந்து முடிவும் புதனன்று இரண்டும் வந்தன. 31-ஆம் எண் பாசிடிவ். மற்ற ஆறும் நெகடிவ்.

நேரம் எழுதாத அட்டைகளின் நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவுக் கணினியில் ஒவ்வொருவரும் வந்த நேரம் இருந்தது, முடிவைக் குறுஞ்செய்தியாக அனுப்பிய நேரமும் இருந்தது. மாதிரி எடுத்து அட்டையை மூட எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். முதல் இரண்டு தட்டுகளில் இந்த இடைவெளி 24 முதல் 32 நிமிடம், பென்சில் குறிகளோடும் பொருந்தியது. ஐந்தாவது தட்டில் பாசிடிவ் வந்த ஐந்து பேருக்கும் 52 முதல் 71 நிமிடம். பத்தைக் கழித்தாலும் எல்லாம் 40-க்கு மேல். அவை தாளின்படி முடிவே அல்ல. 'செல்லாது' என்று எழுதிப் புது மாதிரி கேட்டிருக்க வேண்டியவை.

32-ஆம் எண் இதில் அடங்கவில்லை. அவருடைய இடைவெளி 29 நிமிடம், நேரத்துக்குள் பார்த்த அட்டை. ஆனால் அவர் வந்தது உண்மைத் தொற்றுள்ள 31-க்கு அடுத்து. இங்கே விடை கையுறைப் பெட்டியிலிருந்து கிடைத்தது. சனிக்கிழமை காலை பிரித்த 100 கையுறைப் பெட்டியில் 18 மீதி. செலவானது 82, அதாவது 41 ஜோடி. சோதித்தது 62 பேரை, அதுவும் இரண்டு ஆட்கள். ஆளுக்கு ஆள் கையுறை மாற்றவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 31-இன் குச்சியைத் தொட்ட விரல் 32-இன் அட்டையைத் தொட்டிருக்கலாம், குப்பியின் நுனியும் பட்டிருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. திறந்து கிடந்த அட்டைகளையும் குளிரையும் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க முடியவில்லை. வெப்பநிலையை யாரும் குறிக்கவில்லை.

சங்கடமான விஷயம் ஒன்று. நேரம் தவறிப் பார்ப்பது, அட்டைகளைக் கட்டாக வைத்துச் சோதிப்பது, உறையை முன்னதாகப் பிரிப்பது, கையுறை மாற்றாமை ஆகியவற்றால் பொய் பாசிடிவ் வரும் என்று எஃப்டிஏ நவம்பர் 3 அன்றே கடிதம் அனுப்பியிருந்தது. 18 நாட்களுக்கு முன். அது கடையின் மின்னஞ்சலில் இருந்தது. கூடாரத்தில் இல்லை.

## எண் சொல்வது

1,000 பேரில் 10 பேருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொற்றில்லாத 990 பேரில் 98.5 சதவீதத்தினருக்கு அட்டை சரியாக நெகடிவ் காட்டினால், மீதி 15 பேருக்குப் பொய் பாசிடிவ். உண்மையான பத்தும் பிடிபட்டாலும் 25 பாசிடிவில் 15 பொய். அறிகுறியற்றவர்களைச் சோதிக்கும் எவரும் இந்தக் கணக்கைக் காரில் இருப்பவருக்கு அரை நிமிடத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் இதைச் சாக்காக்கி, பொய் பாசிடிவ் அட்டையின் இயல்பு என்று விட்டுவிடவும் கூடாது. அதே நவம்பரில் அரிசோனாவின் பிமா கவுண்டியில் 3,419 பேரை இதே அட்டையாலும் பிசிஆராலும் சோதித்து, சிடிசி 2021 ஜனவரியில் வெளியிட்டது. அறிகுறியற்றவர்களில் பொய் பாசிடிவ் ஆயிரத்துக்கு இரண்டுதான். அட்டை கோட்டைவிட்டது மறுபக்கத்தில்: அறிகுறியற்ற தொற்றாளர்களில் 35.8 சதவீதம் பேரை மட்டுமே பிடித்தது, அறிகுறியுள்ளவர்களில் 64.2 சதவீதம். முறையாகச் செய்தால் இந்த அட்டை பாசிடிவ் என்று பொய் சொல்வது அபூர்வம், நெகடிவ் என்று சொல்வதைத்தான் ஐயப்பட வேண்டும். ஒரே தட்டில் ஐந்து பொய் பாசிடிவ் வந்தால் மேசையைத்தான் பார்க்க வேண்டும்.

## நெகடிவ் என்று சொல்லப்பட்டவர்கள்

இதைப் பல இடங்களில் தவிர்த்துவிடுவார்கள். நேரம் குறிக்காத மூன்றாவது தட்டு முதல் 42 பேர், அதில் ஏழு போக 35 பேருக்கு நெகடிவ். 15 நிமிடத்துக்கு முன்பே பார்த்த அட்டை தொற்றைத் தவறவிடும். நேரமே தெரியாதபோது அந்த நெகடிவுக்கும் மதிப்பில்லை. 35 பேரையும் அழைத்து, முடிவை நம்ப வேண்டாம், திங்களன்று இலவசமாக மறுபடி சோதிக்கிறோம் என்றார்கள். இருவர் கோபப்பட்டார்கள், 22 பேர் வந்தார்கள். ஒருவருக்குப் பாசிடிவ், பிசிஆரிலும் உறுதியானது. சனிக்கிழமை தவறவிட்டதா, இடையில் வளர்ந்த தொற்றா என்று சொல்ல முடியாது. அவர் வியாழனன்று பெற்றோர் வீட்டுக்குப் போகவில்லை.

## நிறுத்துவதா

கவுண்டியில் சிலர் பரிசோதனையையே நிறுத்தச் சொன்னார்கள். முன்னுதாரணமும் இருந்தது. பொய் பாசிடிவ்களைக் காரணம் காட்டி நெவாடா மாநிலம் அக்டோபர் தொடக்கத்தில், முதியோர் இல்லங்களில் வேறு இரண்டு ஆன்டிஜென் கருவிகளை நிறுத்த உத்தரவிட்டது. பிரெப் சட்டப்படி அது செல்லாது என்று ஒன்றியத் துறை எழுதியதும் சில நாட்களில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இங்கே கடை தானாகவே ஒரு வாரம் நிறுத்தியது. சட்டக் கேள்வி எழவில்லை.

## மாற்றியவை

முதலில் எண்ணிக்கை. 26 பேர் ஒரு மணி நேரத்தில் வந்தால், 15 நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாலும் எந்த நேரத்திலும் ஆறேழு அட்டைகள் ஊறிக்கொண்டிருக்கும். பார்ப்பது தாமதித்தால் 13 வரை சேரும். இன்னொரு வேலையும் செய்யும் ஒருவரால் அது ஆகாது. ஆகவே முன்பதிவு மட்டும், மணிக்கு 12 பேர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அட்டை என்றால் ஊறுவது மூன்று, மிஞ்சினால் நான்கு.

சோதனை மேசை கடைக்குள் திரும்பியது. வெளியே மாதிரி மட்டும் எடுத்து, சுத்தமான குழாயில் வைத்து உள்ளே அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சோதித்தால் போதும் என்று தாளே இடம் தருகிறது. மேசையருகே வெப்பமானி. அட்டையின் உறையை அந்த ஆளின் குச்சி வந்த பிறகே பிரிப்பது.

மாதிரி எடுப்பவர் ஒருவர், அட்டை பார்ப்பவர் ஒருவர். இரண்டாமவரை வேறு எதற்கும் அழைக்கக் கூடாது. அவர் எழ வேண்டியிருந்தால் மாதிரி எடுப்பதும் நிற்கும். கட்டாகக் கையெழுத்திடுவது ஒழிந்தது. மருந்தாளுநர் ஒவ்வொருவரின் கேள்விப் பட்டியலையும் பார்த்த பிறகே உத்தரவு.

பதிவேட்டில் முன்பு தேதி, பெயர், முடிவு மட்டும் இருந்தன. இப்போது மூன்று நேரங்கள்: மாதிரி எடுத்தது, அட்டையை மூடியது, பார்த்தது. மூடியதற்கும் பார்த்ததற்கும் இடையே 15-க்குக் குறைவு, 30-க்கு மேல், அல்லது கட்டம் காலி என்றால் முடிவு நிரலில் 'செல்லாது' என்றுதான் எழுதலாம். கோடு எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சமையலறை டைமர் வாங்கினார்கள். முதல் நாளே கோளாறு: நான்கும் ஒரே மாதிரி ஒலித்ததால் ஒன்றை நிறுத்தப்போய் இன்னொன்றை நிறுத்தினார்கள். டைமரிலும் அட்டை வைக்கும் இடத்திலும் ஒரே நிற நாடா ஒட்டியதும் சரியானது. கையுறைப் பெட்டியை மாலையில் எண்ணுவது வழக்கமானது. சலிப்பான வேலை, ஆனால் பொய் சொல்லாத பதிவேடு அது ஒன்றுதான்.

முடிவைச் சொல்லும் தாளையும் மாற்றினார்கள். பழைய தாளில் 'நெகடிவ்: தொற்று இல்லை'. புதியதில் 'நெகடிவ்: இந்த மாதிரியில் தொற்று தென்படவில்லை. அறிகுறி வந்தால் மறுபடி சோதியுங்கள். விருந்துக்கான அனுமதிச் சீட்டு அல்ல.' கடைசி வரி அலுவலகத் தமிழாக இல்லாவிட்டாலும், மூல ஆங்கிலத்திலும் அது அப்படித்தான் இருந்தது.

## பின்பு

டிசம்பர் தொடக்கத்தில் பரிசோதனை மீண்டும் தொடங்கியது. அடுத்த ஆறு வாரத்தில் அறிகுறியற்றவர்களில் நால்வருக்குப் பாசிடிவ் வந்தது, மூவருக்கு பிசிஆரில் உறுதியானது. 'செல்லாது' என்று ஒன்பது அட்டைகள் எழுதப்பட்டன. ஏழு, நேரம் தாண்டியதால். சனிக்கிழமை வருமானமும் வரிசையும் பாதியாயின. முதியோர் இல்லத்தின் முதல் சுற்றில் எவருக்கும் தொற்றில்லை. 42-ஆம் எண்காரரின் பிசிஆர் வந்ததும் கவுண்டி அதைப் பரவல் கணக்கிலிருந்து நீக்கியது. அவர் இழந்த நான்கு நாள் ஊதியத்தை யாரும் தரவில்லை.

கவுண்டியும் தன் சரிபார்ப்புப் பட்டியலைத் திருத்தியது. பழைய பட்டியல் சான்றிதழ், பாதுகாப்பு உடை, தெரிவிக்கும் கணக்கு, கழிவுப் பை எல்லாவற்றையும் கேட்டது. மணிக்கு எத்தனை பேர், அட்டையைப் பார்ப்பவர் யார், அவருக்கு வேறு என்ன வேலை என்று கேட்கவில்லை. இப்போது அந்த மூன்றும் முதலில் வருகின்றன.

## விதிகள் இன்று

2022 ஏப்ரல் 4 முதல் ஆன்டிஜென் நெகடிவ்களைத் தெரிவிப்பது ஒன்றிய அளவில் கட்டாயமில்லை. 2023 மே 11 அன்று பொதுச் சுகாதார அவசரநிலை முடிந்ததோடு கேர்ஸ் சட்டத்தின் தெரிவிக்கும் கட்டாயமும் முடிந்தது. மாநில விதிகள் தனி. கொரோனா பரிசோதனை செய்ய மருந்தாளுநருக்குப் பிரெப் சட்டம் தந்த அதிகாரம் 2029 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. கிளியா சான்றிதழும், செய்முறைத் தாளைப் பின்பற்றும் நிபந்தனையும் பெருந்தொற்றுக்கு முன் எப்படியோ அப்படியே இருக்கின்றன. ஃபுளூவும் கொரோனாவும் ஒரே பட்டையில் தெரியும் கூட்டு அட்டைகள் வந்துவிட்ட நிலையில், அந்தக் கடையின் பதிவேட்டில் இன்றும் மூன்று நேரக் கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு அட்டைக்கும் நேரம் வேறு என்பதால், தலைப்பில் 15, 30 என்று அச்சடித்திருந்த இடம் இப்போது காலியாக விடப்பட்டு, புதுப் பெட்டி பிரிக்கும்போது தாளைப் பார்த்துப் பென்சிலால் எழுதப்படுகிறது.